மாஸ்டொடனிலும் புளூஸ்கையிலும் தமிழ்ப் பதிவு தேடலில் அகப்பட: மட்டக்களப்பு, அம்பாறைப் பயனர்களுக்கான முழு வழிகாட்டி

"மருதமுனைக் கைத்தறிச் சாரம் விற்பனைக்கு உண்டு." இப்படி ஒரு பதிவு மாஸ்டொடன் என்ற சமூக வலையமைப்பில் போடப்படுகிறது. எழுத்துப்பிழை இல்லை, சந்தி சரி, படமும் நல்ல படம். ஆனால் 'மருதமுனை' என்று தேடுபவருக்கு இது வராது. 'கைத்தறி' என்று தேடினாலும் வராது. காரணம் மூன்று: கணக்கின் தேடல் அனுமதி மூடியிருக்கலாம், பதிவு, தேடுபவரின் கணக்கு இருக்கும் சேர்வருக்குப் போய்ச் சேராமலே இருக்கலாம், இரண்டும் சரியாக இருந்தாலும் 'மருதமுனைக்' என்பதும் 'மருதமுனை' என்பதும் தேடல் இயந்திரத்துக்கு இரண்டு வேறு சொற்கள்.

பேஸ்புக்கில் யாருக்கு எதைக் காட்டுவது என்று ஒரு நிறுவனத்தின் கணிப்பு முடிவு செய்கிறது. இங்கே அந்த வேலையின் பெரும்பகுதி எழுதுபவரின் கையில் இருக்கிறது. அதனால்தான் இவற்றை ஒழுங்காகச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் இடையில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

எங்கள் பக்கத்துச் சனம் பெரும்பாலும் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வாருங்கள் என்று இங்கே சொல்லப்படவில்லை. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று பல தடவை இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தின் பக்கத்தில் வைத்திருந்தவர்களுக்கு அந்த நாட்களில் வாசகரைச் சென்றடைய வேறு வழி இருக்கவில்லை. அறுகம்பையில் விடுதி நடத்துபவருக்கு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி எந்தத் தளத்தில் தேடுவார் என்பதும் ஒரு கேள்வி. இரண்டாவது, மூன்றாவது இடம் ஒன்று தயாராக இருப்பது அவசியம்.

முதலில் இரண்டு வலையமைப்பின் வித்தியாசம்

மாஸ்டொடன் 2016இல் வந்தது. ஆயிரக்கணக்கான தனித்தனிச் சேர்வர்கள், ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையால் ஒன்றோடொன்று பேசுகின்றன. ஒவ்வொரு சேர்வரும் தன்னிடம் வந்து சேர்ந்த பதிவுகளை மட்டுமே அறியும். உங்களை அந்தச் சேர்வரில் ஒருவராவது பின்தொடர வேண்டும், அல்லது அங்கே பின்தொடரப்படும் ஒருவர் உங்கள் பதிவைப் பூஸ்ட் (மறுபகிர்வு) செய்ய வேண்டும், அல்லது ரிலே (சேர்வர்களுக்கிடையில் பொதுப் பதிவுகளைக் கடத்தும் சேவை) வழியாக வர வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் அந்தச் சேர்வரைப் பொறுத்தவரை உங்கள் பதிவு பிறக்கவே இல்லை.

புளூஸ்கை 2024 பெப்ரவரியில் அழைப்பில்லாமல் எல்லோருக்கும் திறந்தது. அது ஏடி புரோட்டோகோல் என்ற வேறு நெறிமுறையில் ஓடுகிறது. அங்கே முழு வலையமைப்பின் பதிவுகளும் ஒரு பொது அட்டவணையில் சேர்வதால் தேடல் எல்லாருக்கும் ஒன்றுதான். புதுக் கணக்கின் முதல் பதிவுகூடத் தேடலில் வரும்.

ஆக, மாஸ்டொடனில் பதிவு பயணிக்க வேண்டும்; புளூஸ்கையில் பதிவு சரியான சொல்லில் இருந்தால் போதும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த வித்தியாசத்திலிருந்து வருபவை.

படி 1: மாஸ்டொடனில் அனுமதியைத் திறப்பது

மாஸ்டொடனில் முழுச்சொல் தேடல் 4.2 பதிப்பில், 2023 செப்டம்பரில் வந்தது. அது எழுதுபவரின் சம்மதத்தோடுதான் வேலை செய்யும். பிரிஃபரன்சஸ் பக்கத்தில் 'பப்ளிக் புரொபைல்' என்பதைத் திறந்து 'பிரைவசி அண்ட் ரீச்' என்ற தாவலுக்குப் போங்கள். அங்கே மூன்று பெட்டிகளைப் பாருங்கள்.

- புரொபைலையும் பதிவுகளையும் பரிந்துரைகளில் காட்டலாமா என்பது. டிரெண்டிங், 'இவரைப் பின்தொடரலாம்' போன்ற இடங்களுக்கு இது வேண்டும்.
- பொதுப் பதிவுகளைத் தேடல் முடிவில் சேர்க்கலாமா என்பது. இதில் டிக் இல்லாவிட்டால் ஹேஷ்டேக்கில் வரும், சொல் தேடலில் மற்றவர்களுக்கு வராது.
- புரொபைல் பக்கத்தைக் கூகிள் போன்ற வெளித் தேடுபொறிகள் எடுக்கலாமா என்பது.

மூன்றிலும் டிக் போட்டுச் சேமியுங்கள். இரண்டாவது பெட்டியைத் திறந்ததும் பழைய பொதுப் பதிவுகளும் தேடலுக்குள் வரும். புதிதாக எழுதுபவை மட்டும் என்றில்லை. அதனால் திறப்பதற்கு முன் பழையவற்றை ஒருமுறை பார்த்து, வீட்டு விலாசம், பிள்ளைகளின் பாடசாலை போன்றவை தெரியும் பதிவுகளை நீக்கிவிடுங்கள்.

பதிவைப் போடும்போது யாருக்குத் தெரிய வேண்டும் என்ற தெரிவில் முழுப் பொது என்பதே இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள 'அமைதியான பொது' என்ற தெரிவில் போட்டால் லிங்க் உள்ளவர் யாரும் வாசிக்கலாம். ஆனால் ஹேஷ்டேக்கிலும் தேடலிலும் வராது. செயலியில் ஒருமுறை இதை மாற்றிவிட்டு மறந்துபோய், மாதக்கணக்கில் தேடலில் வராமல் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது உங்கள் சேர்வரில் முழுச்சொல் தேடல் இருக்கிறதா என்பது. அதற்கு எலாஸ்டிக்சேர்ச் அல்லது ஓப்பன்சேர்ச் என்ற தனி மென்பொருளை நிர்வாகி ஓடவிட வேண்டும். அது நினைவகத்தை நிறையத் தின்னும் என்பதால் சிறிய சேர்வர்கள் பல அதைப் போடுவதில்லை. தேடல் பெட்டியைத் தொட்டால் 'இந்தச் சேர்வரில் முழுச்சொல் தேடல் இல்லை' என்ற குறிப்புத் தெரியும். அப்படி இருந்தால் அங்கிருந்து நீங்கள் தேட முடியாது; ஆனால் தேடல் உள்ள சேர்வரில் இருப்பவர், அங்கே வந்து சேர்ந்த உங்கள் பதிவைத் தேடி எடுக்கலாம். சேர்வர் இன்னும் தெரிவு செய்யவில்லை என்றால் தேடல் உள்ள, ஆட்கள் அதிகம் உள்ள ஒன்றையே எடுங்கள். தனி ஆளாகச் சொந்தச் சேர்வர் ஓட்டுவது இந்த நோக்கத்துக்குப் பொருந்தாது.

படி 2: புளூஸ்கையில் பார்க்க வேண்டியவை

இங்கே பொதுவாக எல்லாமே திறந்திருக்கும். செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில், கணக்கில்லாதவர்களுக்கு என் பதிவைக் காட்ட வேண்டாம் என்று செயலிகளைக் கேட்கும் ஒரு தெரிவு உண்டு. அது ஒன் ஆகி இருந்தால், வட்ஸ்அப் குழுவில் நீங்கள் பகிர்ந்த லிங்கைத் திறக்கும் ஆளுக்கு உள்நுழையச் சொல்லும் பக்கம்தான் வரும். கடை, விடுதி, சங்கம், செய்திக் கணக்கு என்றால் அதை ஓஃப் பண்ணுங்கள்.

பயனர்பெயராக, அதாவது ஹேண்டிலாக, சொந்த டொமைனையே (இணையத்தள முகவரிப் பெயரையே) வைக்கலாம். ஹேண்டில் மாற்றும் இடத்தில் 'எனக்குச் சொந்த டொமைன் உண்டு' என்பதைத் தெரிவு செய்தால் ஒரு டிஎன்எஸ் டெக்ஸ்ட் பதிவு (டொமைனின் அமைப்பில் சேர்க்கும் ஒரு வரி) தருவார்கள். அதை டொமைன் வாங்கிய இடத்தில் சேர்த்து, சில நிமிடம் முதல் சில மணித்தியாலம் வரை விட்டுச் சரிபார்க்க வேண்டியதுதான். இது இலவசம். பெயரைப் பார்த்தவுடனே இது உங்கள் உண்மையான கணக்கு என்று தெரியும். தமிழில் 'டொட் இலங்கை' டொமைன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: புளூஸ்கை ஹேண்டிலில் ஆங்கில எழுத்து மட்டுமே நிற்கும். தமிழ் டொமைன், வாசிக்கவே முடியாத குறியீட்டு எழுத்துக்களாக மாறித் தெரியும். ஹேண்டிலுக்கு ஆங்கில எழுத்து டொமைனே நல்லது.

மாஸ்டொடனில் இதற்கு இணையானது பச்சை டிக். புரொபைலின் நான்கு கூடுதல் வரிகளில் ஒன்றில் உங்கள் இணையத்தள முகவரியைப் போடுங்கள். பிறகு அந்தத் தளத்திலிருந்து மாஸ்டொடன் புரொபைலுக்கு ஒரு லிங்க் வைத்து, அதில் 'ரெல்' என்ற பண்புக்கு 'மீ' என்ற மதிப்பைக் கொடுங்கள். தளத்தில் லிங்கை வைத்த பிறகு புரொபைலை இன்னொரு தடவை சேமிக்க வேண்டும். முதலில் புரொபைலைச் சேமித்துவிட்டுப் பிறகு தளத்தில் லிங்க் வைத்தால் பச்சை டிக் வராமல் நிற்கும். பலர் சிக்குவது இந்த இடத்தில்தான்.

படி 3: தமிழ்ச் சொல்லைத் தேடல் பிடிக்கும்படி எழுதுவது

இந்தப் படி எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் எதுவும் இதைச் சொல்லித் தராது என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

மாஸ்டொடனின் தேடல் இயந்திரம் ஆங்கிலச் சொற்களின் விகுதியை வெட்டி வேர்ச்சொல்லைக் கண்டுபிடிக்கும். தமிழுக்கு அப்படி ஒன்றும் செய்வதில்லை. இடைவெளிக்கு இடைவெளி உள்ள எழுத்துக்கூட்டம் அப்படியே ஒரு சொல். எனவே 'மட்டக்களப்பில்', 'மட்டக்களப்புக்கு', 'மட்டக்களப்புச்' ஆகிய மூன்றும் 'மட்டக்களப்பு' என்ற தேடலுக்கு அகப்படாது. புளூஸ்கையிலும் வேற்றுமை உருபைத் தாண்டிச் சொல்லைக் கண்டுபிடிக்கும் என்று நம்பி எழுதக் கூடாது. இலக்கணச் சுத்தமாக வலி மிகுந்து எழுதுபவர்தான் இதில் அதிகம் இழக்கிறார்.

இதற்காகத் தமிழைச் சிதைத்து எழுத வேண்டியதில்லை. உடல் பகுதியை இயல்பாக எழுதிவிட்டு, கடைசி வரியில் ஊரையும் பொருளையும் பெயர்ச்சொல் வடிவில் ஹேஷ்டேக்காக வையுங்கள். மேலே சொன்ன சாரம் பதிவு இப்படி மாறும்:

"மருதமுனைக் கைத்தறிச் சாரம் விற்பனைக்கு உண்டு. பருத்தி நூல், நான்கு நிறம். கல்முனை, அக்கரைப்பற்று, மட்டக்களப்பு ஆகிய இடங்களுக்கு அனுப்புகிறோம்.
#மருதமுனை #கைத்தறி #சாரம் #அம்பாறை"

மூன்றாவது வாக்கியத்தைப் பாருங்கள்: ஊர்ப்பெயர்கள் அடுக்கி வந்து, உருபு 'ஆகிய இடங்களுக்கு' என்பதில் ஏறிவிட்டது. கல்முனை என்று தேடினாலும் அகப்படும், அக்கரைப்பற்று என்று தேடினாலும் அகப்படும். ஹேஷ்டேக் மட்டும் உள்ள கடைசி வரியை மாஸ்டொடன் தனிப் பட்டையாகக் காட்டும். வாசிப்புக்கு இடைஞ்சல் இல்லை.

வாக்கியத்தின் நடுவில் #மட்டக்களப்பில் என்று ஒட்டி எழுத வேண்டாம். அது எவரும் பின்தொடராத ஒரு தனி ஹேஷ்டேக். இடைக்கோடும் கூடாது, #மட்டக்களப்பு-வெள்ளம் என்று எழுதினால் கோட்டோடு ஹேஷ்டேக் அறுந்துவிடும். அடிக்கோடு போட்டால் அறாது, என்றாலும் இரண்டாகப் பிரித்து #மட்டக்களப்பு #வெள்ளம் என்று வைப்பதே நல்லது. மாஸ்டொடனில் ஆட்கள் பின்தொடர்வது சிறிய, பொதுவான ஹேஷ்டேக்குகளைத்தான். ஒரு பதிவுக்கு மூன்று, நான்கு போதும். பத்துப் போட்டால் விளம்பரக் குப்பை என்று நினைத்து மியூட் செய்வார்கள்.

ஊர்ப்பெயரோ விழாப்பெயரோ இரு வகையாக எழுதப்படும் இடங்களில் இரண்டையும் ஒரு தடவை கொண்டு வாருங்கள். களுவாஞ்சிகுடி, களுவாஞ்சிக்குடி; அறுகம்பை, அறுகம்குடா; கண்ணகி அம்மன் குளிர்த்தி, எங்கள் பேச்சில் குளுர்த்தி. ஒன்றை உடலிலும் மற்றதை ஹேஷ்டேக்கிலும் வைத்தால் உறுத்தாது. புலம்பெயர்ந்த பிள்ளைகளும் சுற்றுலாப் பயணிகளும் ஆங்கில எழுத்தில்தான் ஊரைத் தேடுவார்கள் என்பதால் ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்து வடிவம் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துக் கோளாறுகள் வேறு:

பாமினி. எங்கள் பக்கத்து அச்சகம், டைப்செட்டிங் கடை எல்லாவற்றிலும் பாமினி எழுத்துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் அடித்த அறிவித்தலைக் கொப்பி பண்ணிப் போட்டால் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத்தான் விழும். அதனால் பலர் அதைப் படமாக்கிப் போடுகிறார்கள். படத்தில் உள்ள எழுத்தைத் தேடல் வாசிக்காது. பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு மாற்றி, ஒருமுறை வாசித்துத் திருத்திவிட்டுப் பதியுங்கள்.

ஔகாரம். 'ஔவை' என்பதற்கு ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து 'ஒள' என்று அடிப்பது மிகச் சாதாரணம். 'மௌலவி' என்பதில் எகரக் கொம்போடு 'ள' அடிப்பதும் அப்படித்தான். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் தேடலுக்கு வேறு சொல்.

ஸ்ரீ. இந்த எழுத்துக்கு யுனிகோடில் இரண்டு விதமான குறியீட்டு வரிசை உண்டு. ஒன்று 'ஸ' வழியாக, மற்றது 'ஶ' வழியாக. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றே. கோயில் பெயரில் ஸ்ரீ இருந்தால், தேடலில் பிடிபட வேண்டிய பெயரை அது இல்லாமலும் ஓரிடத்தில் எழுதுங்கள்.

படி 4: படத்துக்கு விவரணம்

மாஸ்டொடனில் படத்தின் விவரணமும், அதாவது ஆல்ட் டெக்ஸ்ட்டும், தேடல் அட்டவணைக்குள் போகிறது. இதை அறிந்தவர்கள் குறைவு. 1500 எழுத்து வரை எழுதலாம். கூத்து அறிவித்தல் சுவரொட்டி ஒன்றைப் போடும்போது, அதில் உள்ள எல்லா எழுத்தையும், அதாவது கூத்தின் பெயர், வடமோடியா தென்மோடியா, இடம், திகதி, நேரம் ஆகியவற்றை விவரணத்தில் தட்டச்சு செய்யுங்கள். பார்வையற்ற வாசகருக்கு இது கட்டாயம் தேவை. தேடலில் அகப்படுவதும் இதனாலேயே நடக்கும். மாஸ்டொடனில் விவரணம் இல்லாத படங்களை மற்றவர்கள் பூஸ்ட் செய்யத் தயங்குவார்கள். பூஸ்ட் இல்லாவிட்டால், உங்களைப் பின்தொடர்பவர் இல்லாத சேர்வருக்குப் பதிவு பெரும்பாலும் போகாது.

விவரணத்தில் ஹேஷ்டேக்குகளை அடுக்க வேண்டாம். அங்கே அவை லிங்க் ஆகாது. திரைவாசிப்பானில் கேட்பவருக்கு இரைச்சல் மட்டும்தான்.

படி 5: மொழியைத் தமிழ் என்று குறிப்பது

இரண்டு தளத்திலும் எழுதும் பெட்டியில் மொழி தெரிவு உண்டு. கைத்தொலைபேசி ஆங்கிலத்தில் இருந்தால் பதிவும் ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டுவிடும். தமிழ்ப் பதிவுகளை மட்டும் காட்டும்படி வடிகட்டி வைத்திருப்பவருக்கு அது தெரியாமல் போகும். மொழி வாரியாகத் தேடினாலும் வராது. புளூஸ்கையில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழியையும் குறிக்கலாம். இரு மொழிப் பதிவு என்றால் இரண்டையும் குறியுங்கள். மாஸ்டொடனில் ஒன்று மட்டும் என்பதால், தமிழையும் ஆங்கிலத்தையும் இரண்டு பதிவாகப் பிரித்து, ஆங்கிலத்தைத் தமிழ்ப் பதிவின் கீழ் ஒரு மறுமொழியாகப் போடுவது நல்லது.

படி 6: மாஸ்டொடனில் பதிவைப் பயணிக்க வைப்பது

புதுக் கணக்கில் இருந்து, பின்தொடர்பவர் இல்லாமல் போட்ட பதிவு உங்கள் சேர்வரோடு நின்றுவிடும். வெவ்வேறு சேர்வர்களில் உள்ள தமிழ்ப் பயனர்களைப் பின்தொடருங்கள், அவர்களின் பதிவுக்குப் பதில் எழுதுங்கள். திரும்பப் பின்தொடரும் ஒவ்வொருவரும் அவரது முழுச் சேர்வருக்கும் ஒரு வாசல். ஒரே சேர்வரில் ஐம்பது பேர் பின்தொடர்வதைவிட, பத்துச் சேர்வரில் ஒவ்வொருவர் பின்தொடர்வது தேடலுக்கு அதிகம் உதவும்.

புதிதாகப் பின்தொடர்பவரின் சேர்வருக்கு உங்கள் பழைய பதிவுகள் தானாகப் போவதில்லை. அங்கே உங்கள் புரொபைல் வெறுமையாகத் தெரியும். முக்கியமான பழைய பதிவை நீங்களே பூஸ்ட் செய்தால் அது அங்கே போய்ச் சேரும்.

பூஸ்ட் ஆனால் பதிவு நாட்கள் கழித்தும் சுற்றிவரும். வெள்ள காலத்தில் 'இன்று கல்லடிப் பக்கம் பாதை மூடப்பட்டுள்ளது' என்று எழுதினால், மூன்றாம் நாள் அதை வாசிப்பவர் குழம்புவார். திகதியையும் நேரத்தையும் இலக்கத்தில் எழுதுங்கள். அவசர உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைப் போடுங்கள். தனிப்பட்ட ஆட்களின் தொலைபேசி இலக்கத்தைத் தேடலில் அகப்படும் பதிவில் விட வேண்டாம். பொதுவில் எழுதுவது எதற்கும் 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொருந்தும் என்பதும் நினைவில் இருக்கட்டும். சேர்வர் வேறு நாட்டில் இருந்தாலும் எழுதுபவர் இங்கேதான் இருக்கிறார்.

படி 7: ஒன்றை எழுதிப் பல இடத்தில் போடுவது

மூன்று வழி உண்டு. முதலில் ஒன்றைத் தெரிவு செய்துவிட வேண்டும். கலந்து செய்தால் அலங்கோலம்.

*கையால்.* வாரத்தில் நான்கைந்து பதிவுதான் என்றால் இதுவே சிறந்தது. மாஸ்டொடனில் வழக்கமாக 500 எழுத்து, புளூஸ்கையில் 300. புளூஸ்கை 'டு', 'க்' போன்றவற்றை ஒவ்வொரு எழுத்தாகவே எண்ணும் என்பதால் 'மட்டக்களப்பு' அங்கே 8 எழுத்து. எக்ஸ் தளத்தில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்பட்டு அதே சொல் 12 ஆகும். எக்ஸில் 280க்குள் அடங்கிய தமிழ்ப் பதிவு புளூஸ்கையில் தாராளமாக அடங்கும். எதிர்த்திசையில் அந்த உறுதி இல்லை. மாஸ்டொடனில் லிங்க் எவ்வளவு நீளம் என்றாலும் 23 எழுத்தாகவே எண்ணப்படும். படத்தை 1 எம்பிக்குள் சுருக்கி வைத்தால் எந்தக் கருவியிலும் சிக்காது.

*பாலம்.* பிரிட்ஜி ஃபெட் என்ற இலவசச் சேவை மாஸ்டொடன் கணக்கைப் புளூஸ்கையிலும், புளூஸ்கைக் கணக்கை மாஸ்டொடன் பக்கத்திலும் காட்டும். மாஸ்டொடனில் இருப்பவர், பெயரும் சேர்வரும் இரண்டுமே 'பிஎஸ்கேவை டொட் பிரிட் டொட் ஜிவை' என்று உள்ள கணக்கைத் தேடிப் பின்தொடர வேண்டும். புளூஸ்கையில் இருப்பவர் 'ஏபி டொட் பிரிட் டொட் ஜிவை' என்ற கணக்கைப் பின்தொடர வேண்டும். அவ்வளவுதான். வேண்டாம் என்றால் அதே கணக்கை பிளொக் செய்தால் பாலம் அறுந்துவிடும். புரொபைல் படம் இல்லாத கணக்கையும் புத்தம் புதிய கணக்கையும் அது ஏற்காது. படம் போட்டு, சில நாள் எழுதிவிட்டு வாருங்கள். பாலம் போட்ட பிறகு எழுதுபவை மட்டுமே கடக்கும், பழையவை கடக்காது. 300 எழுத்தைத் தாண்டியது வெட்டப்பட்டு மூலப் பதிவுக்கு லிங்க் வரும். ஹேஷ்டேக் கடைசி வரியில் இருந்தால் வெட்டுப்படும் பகுதியில் அதுவும் போய்விடும். பாலம் பாவிப்பவர் மாஸ்டொடனிலும் 280 எழுத்துக்குள் நிறுத்தப் பழகுவது நல்லது.

பாலத்தின் பெரிய பலன் பதில்கள். மறுபக்கத்தில் ஒருவர் பதில் எழுதினால், அவரும் பாலத்தில் இருந்தால், அது உங்களிடம் வரும். உரையாடல் நடத்துபவருக்கு, எங்கள் கருத்தில், பாலம்தான் சரியான வழி.

*கருவி.* பஃபர் போன்றவை மாஸ்டொடன், புளூஸ்கை, பேஸ்புக் பக்கம் என எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து நேரம் குறித்து அனுப்பும். பஃபரின் இலவசத் திட்டத்தில் 3 கணக்கு இணைக்கலாம். பேஸ்புக்கில் பக்கத்துக்கு மட்டுமே இப்படி அனுப்ப முடியும். தனியாள் புரொபைலுக்கு வெளிக்கருவிகள் பதிவதை பேஸ்புக் 2018இல் நிறுத்திவிட்டது. நேரம் குறிக்கும்போது கருவி எந்த நேர வலயத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உலகப் பொது நேரத்தில் இருந்தால் எங்கள் இரவு 8 மணி அங்கே 14:30.

கருவிக்குப் புளூஸ்கையின் உண்மையான கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம். செட்டிங்ஸில் 'ஆப் பாஸ்வேர்ட்' என்ற இடத்தில் தனிக் கடவுச்சொல் ஒன்றை உண்டாக்கிக் கொடுங்கள். கருவி பிழைத்தால் அதை மட்டும் அழித்துவிடலாம்.

பாலமும் கருவியும் இரண்டும் வேண்டும் என்று யோசிக்க வேண்டாம். கருவி புளூஸ்கையில் ஒன்றைப் போடும், பாலம் அதே பதிவை வேறு பெயரில் இன்னொன்றாகக் கொண்டுவரும், தேடுபவருக்கு இரட்டை இரட்டையாகத் தெரியும். இரண்டு தானியங்கிக் கருவிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் ஒரே பதிவு முடிவில்லாமல் சுற்றும்.

சொந்த இணையத்தளம் இருந்தால் மூலத்தை அங்கே வைத்து, மற்ற இடங்களில் சுருக்கமும் லிங்கும் போடுவது எல்லாவற்றிலும் பலமான ஏற்பாடு. கூகிளில் நீண்டகாலம் நிற்பது அந்தப் பக்கம்தான். வேர்ட்பிரஸ் தளம் என்றால் 'ஆக்டிவிட்டிபப்' என்ற செருகியை நிறுவினால் தளத்தையே மாஸ்டொடனிலிருந்து பின்தொடரலாம். தனிக் கணக்கு வேண்டியதில்லை.

சொந்தமாக நிரல் எழுதிப் புளூஸ்கைக்கு அனுப்புபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அங்கே லிங்க், ஹேஷ்டேக் எல்லாம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை யூடிஎஃப் 8 பைட் கணக்கில் சொல்ல வேண்டும். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'மட்டக்களப்பு வாவி' என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு லிங்க் வைத்தால், அது 50ஆவது பைட்டில் தொடங்கும். எழுத்துக் குறியீட்டை எண்ணும் நிரல் 18 என்று சொல்லும். விளைவு, 'மட்டக்' என்பதை விட்டுவிட்டு 'களப்பு' என்பதிலிருந்து நீல நிறம் தொடங்கும். உண்மையான லிங்க் செத்துக் கிடக்கும். உரையை முதலில் பைட்டாக மாற்றி, அதில் எண்ண வேண்டும். லிங்க் அட்டையும் அங்கே தானாக வராது. தலைப்பு, விவரம், படம் மூன்றையும் நிரலே இணைக்க வேண்டும். மாஸ்டொடனுக்கு அனுப்பும்போது, இணைப்பு விட்டுவிட்டு வரும் இடங்களில், ஐடெம்போட்டென்சி கீ என்ற எச்டிடிபி ஹெடரையும் சேர்த்து அனுப்புங்கள். மறுமுயற்சி நடந்தாலும் பதிவு இரண்டாகாது.

படி 8: திருத்தங்கள்

மாஸ்டொடனில் பதிவைத் திருத்தலாம். அந்தத் திருத்தம் பாலத்தைக் கடந்து புளூஸ்கைக்குப் போகாது. விலை, திகதி, நேரம் பிழைத்தால் அங்கே பிழையாகவே நிற்கும். சின்ன எழுத்துப்பிழை என்றால் விட்டுவிடலாம். ஆனால் நிகழ்வின் திகதியோ வெள்ள நிலவரமோ பிழைத்தால் திருத்துவதை விட்டு, 'அழித்து மீண்டும் எழுது' என்ற தெரிவைப் பாவியுங்கள். அழிப்பு பாலத்தைக் கடக்கும், புதுப் பதிவும் கடக்கும்.

படி 9: அகப்படுகிறதா என்று பார்ப்பது

ஒரு நாள் கழித்து, உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்தில் பதிவின் லிங்கைத் திறந்து பாருங்கள். பிறகு வேறு சேர்வரில் உள்ள நண்பரிடம் ஊர்ப்பெயரைத் தேடச் சொல்லுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் தேடினால், தேடல் அனுமதி மூடியிருந்தாலும் உங்கள் பதிவு உங்களுக்கு வரலாம் என்பதால் அது சோதனையாகாது.

ஹேஷ்டேக்கில் வருகிறது, சொல் தேடலில் வரவில்லை என்றால் படி 1இன் இரண்டாவது பெட்டியையும், தேடுபவரின் சேர்வரையும் பாருங்கள். உங்கள் சேர்வரில் வந்து நண்பரின் சேர்வரில் வரவில்லை என்றால் பதிவு அங்கே போகவில்லை. நண்பர் பதிவின் முகவரியைத் தன் தேடல் பெட்டியில் ஒட்டினால் அது அங்கே இழுக்கப்படும். ஆங்கிலச் சொல் அகப்பட்டுத் தமிழ்ச் சொல் அகப்படாவிட்டால் உருபு, சந்தி, ஔகாரம் என்று படி 3இல் தேடுங்கள். புளூஸ்கையில் மட்டும் ஒன்றுமே வராவிட்டால் பாலத்தின் கணக்கை இன்னும் பின்தொடர்கிறீர்களா என்று பாருங்கள்.

சேர்வர் மாற வேண்டி வந்தால் மாஸ்டொடனில் பின்தொடர்பவர்களைப் புதுக் கணக்குக்கு நகர்த்தலாம்; பதிவுகள் நகராது. தேடலில் ஏற்கெனவே ஏறிய பதிவுகளும், மற்றவர்கள் பகிர்ந்த லிங்குகளும் பழைய கணக்கிலேயே இருக்கும். நகர்த்திய பிறகு பழைய கணக்கை அழிக்க வேண்டாம். திறந்தபடி விட்டுவிட்டு, தேவையானவற்றை மட்டும் புதுக் கணக்கில் திகதியோடு மறுபடி எழுதுங்கள்.